மாப்பிள்ளை வெள்ளையடித்த சுவர்

நான் காவல் இருக்கும் வீட்டுக்குப் பூச்சு கிடையாது. மண்டபத்துக்கு மேற்கே, ரோட்டிலிருந்து கடலுக்கு இறங்கும் மணல் பாதையின் கடைசியில் நிற்கிறது. கான்கிரீட் போட்டார்கள், சென்ட்ரிங் பலகையைப் பிரித்தார்கள், வேலை முடிந்தது என்றார்கள். பலகையின் ரேகையும் ஆணித் தலையும் சுவரில் அப்படியே பதிந்து கிடக்கும். கூரை தட்டை. கடல் பக்கம் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி.

வீட்டுக்காரத் தம்பி வெளிநாட்டில் கட்டடங்களுக்குப் படம் வரைகிறவர். இதையும் அவரே வரைந்து கட்டினார். எப்போதாவது வந்து சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவார். "அண்ணே, இதுமேல கை வைக்காதீங்க. உப்பு படட்டும், கறுக்கட்டும். அதுதான் அழகு" என்பார்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது காசு தீர்ந்து பாதியில் நின்ற வீடு. "இன்னும் பூசலையாப்பா?" என்று கேட்காத கண்டக்டர் இல்லை. விளக்கம் சொல்லக் கூச்சப்பட்டு "பூசணும்" என்று சொல்லி இறங்கிவிடுவேன். பின்பக்க அறையில் நானும் மனைவியும் குடியிருக்கிறோம். அஞ்சாவதோடு பள்ளியை விட்டவன், நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவன். எனக்கு இதைவிடப் பொருந்திய வேலை கிடைக்காது. வேறு வீடும் எங்களுக்குக் கிடையாது.

அந்த வீட்டில் சினிமா எடுக்க வருகிறார்கள் என்று தம்பி போனில் சொன்னார். "சின்னப் படம்ணே. சுவருக்காகத்தான் வாராங்க." நான் சரி என்றேன். என் மனைவி அதை முதுகுளத்தூரில் இருக்கும் அவள் தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னாள். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

அவனை நான் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். வெள்ளையடிக்கிறவன். கல்யாண வீடு, கோயில், பள்ளிக்கூடம் என்று சுற்றுவட்டாரத்தில் அவன் சுண்ணாம்பு மட்டை படாத சுவர் குறைவு. வீட்டுக்கு விசேஷம் என்றால் முதலில் சுண்ணாம்பு, அப்புறம்தான் பந்தல். இது அவனுக்கு ரத்தத்தில் ஊறிய வழக்கம். படக்காரர்களுக்குப் பாய் தலையணை வாடகைக்கு எடுக்க நான் ராமநாதபுரம் போயிருந்த நேரம், ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கிவிட்டான்.

திரும்பி வரும்போது ரோட்டிலிருந்தே தெரிந்தது. கடலோரம் என்னவோ பளீரென்று கண்ணைக் குத்தியது. கிட்டே போனேன். மேற்குப் பக்கத்துப் பெரிய சுவர் முழுக்க நீலம் கலந்த சுண்ணாம்பு. அடியில் முழங்கால் உயரத்துக்குக் காவிப்பட்டை. கோயில் மதில் மாதிரி இருந்தது. மாப்பிள்ளை பீடியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான்.

"எப்படி மச்சான்? சினிமாவுல அக்கா இருக்கிற வீடு பூச்சில்லாம அம்மணமாவா நிக்கிறது? ஊர்ல நம்மள என்ன நினைப்பாங்க?"

பாய் தலையணைக் கட்டைக் கீழே இறக்கினேன். மனைவிதான், "சொல்லாம வந்துட்டான். நானும் நல்லாத்தானே இருக்குன்னு விட்டுட்டேன்" என்றாள். அவளைச் சொல்லி என்ன? உண்மையாகவே நன்றாகத்தான் இருந்தது. பட்டை ஒரு இடத்திலும் கோணவில்லை.

மறுநாள் படக்காரர்கள் வந்தார்கள். டைரக்டர் ஒரு சின்னப் பெண். சுவரைப் பார்த்தாள், அப்படியே மணலில் உட்கார்ந்தாள். அழுகிறாளா என்று எட்டிப் பார்த்தேன். இல்லை, போன் போட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது.

வீட்டுக்காரத் தம்பி. சத்தம் போடவில்லை. "அண்ணே, நான் ஒண்ணுதான் சொன்னேன். அந்த ஒண்ணுகூட உங்களால முடியல. அவங்க போறதுக்குள்ள சுவர் பழையபடி வரணும். வரலைன்னா சாவியைக் குடுத்துருங்க, வேற ஆளைப் பாத்துக்கிறேன்."

சுவர்க் காட்சியைக் கடைசிக்குத் தள்ளிவைத்து, உள்ளே அறைகளில் எடுக்கத் தொடங்கினார்கள். நாங்கள் மூன்று பேரும் தேங்காய் நாரும் வாளியுமாகச் சுவரில் இறங்கினோம். ரெண்டு இழுப்பு இழுப்பதற்குள் உள்ளேயிருந்து ஒரு பையன் ஓடிவந்தான். "அண்ணா, சத்தம்! ஷாட் போகுது!"

அது சத்தமே இல்லாத படமாம். அப்பா செத்த பிறகு ஒரு அண்ணனும் தங்கையும் வீட்டை விற்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வருகிறார்கள். வந்து பேசவே மாட்டார்கள். அந்தத் தங்கை கண்ணாடி முன்னால் உட்கார்ந்து கடலைப் பார்க்கிறாள். பார்க்கிறாள், பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அதுவரைக்கும் நாங்கள் வாளியைக்கூட நகர்த்தக்கூடாது. மோட்டார் போடக்கூடாது. என் மனைவி அம்மியைத் தொடக்கூடாது. கோழிகளை மட்டும் யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"அந்தப் பொண்ணு என்ன மச்சான் பாக்குது?" என்று மாப்பிள்ளை காதுக்குள் கேட்டான்.

"கடலை."

"அதான் தெரியுதே. கடல்ல என்னத்த?"

"ஏலே, வாய மூடு" என்றாள் அவன் அக்கா. அதற்கும் உள்ளேயிருந்து "உஷ்" என்று வந்தது.

சுவரைச் சுத்தம் செய் என்கிறார்கள். செய்தால் சத்தம் என்கிறார்கள். இடைவெளி கிடைத்தபோதெல்லாம் வெறி பிடித்த மாதிரி தேய்த்தோம். ஒருநாள் சாயங்காலம் வெள்ளை போய்விட்டது. ஈரத்தில் சுவர் பழைய சாம்பல் நிறத்தில் நின்றது. நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினேன். விடிந்து பார்த்தால் மறுபடி வெள்ளை.

"மச்சான், சுண்ணாம்பு திரும்ப முளைச்சிருச்சு" என்றான் மாப்பிள்ளை பயந்துபோய்.

சுண்ணாம்பு இல்லை, உப்பு. எங்கள் போர்வெல் தண்ணீர் அப்படி. அதில் பாத்திரம் கழுவினாலே வெள்ளை பூக்கும். இத்தனை வருஷம் அங்கே குடியிருந்தும் எனக்கும் மனைவிக்கும் அது தோன்றவில்லை. கழுவக் கழுவ உப்பை ஏற்றியிருக்கிறோம். இனி நல்ல தண்ணீர் வேண்டும். நல்ல தண்ணீர் படக்காரர்கள் வரவழைத்த டேங்கரில்தான் இருந்தது.

டைரக்டரிடம் கேட்கவேண்டியது நான். காலையில் போனேன், காதில் ஹெட்போன் மாட்டியிருந்தாள். வாயைத் திறந்தேன், உதட்டில் விரல் வைத்தாள். மதியம் போனேன், மறுபடி விரல். மூன்றாம் தடவை போனபோது அவள் சும்மாதான் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் அத்தனை பேர். "ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. தங்கைக்காரி கடலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம், கேமராவுக்குப் பின்னால் போய் நின்று கத்தினாள். "யம்மா! நல்ல தண்ணி குடுத்தா சுவரு வரும். குடுக்காட்டி எங்க சட்டி பானைய இப்பவே வெளிய எடுத்து வைக்கிறோம். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க!"

எல்லோரும் திரும்பினார்கள். கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவளும் திரும்பினாள். டைரக்டர் ஹெட்போனைக் கழற்றி, "இதை ஏன்ணா முன்னாடியே சொல்லல?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். அவளை மாதிரியே உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன்.

டேங்கர் தண்ணீர் முழுக்கச் சுவருக்குப் போனது. வெள்ளை போனது. காவி மட்டும் பலகை ரேகைக்குள் இறங்கி, அடியில் மங்கலாக ஒரு சிவப்பு நின்றுவிட்டது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. போட்டோ எடுத்து அனுப்பினார்கள். "நேர்ல வந்து பாத்துச் சொல்றேன்" என்றார் தம்பி. அதற்கப்புறம் எத்தனையோ மாதம் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டு, அது என்னுடையதா இல்லையா என்று தெரியாமல் கிடந்தேன். மனைவி புதுசாக ஒரு டப்பாகூட வாங்கவில்லை.

படம் முடிந்ததும் டைரக்டர் அதை எங்களுக்குப் போட்டுக் காட்ட வந்தாள். தம்பியும் வந்தார். வந்ததும் சுவர்கிட்டே போனார். கையை வைத்துக்கொண்டே ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தார். குனிந்து காவியைச் சுரண்டினார். மாப்பிள்ளை என்னவோ சொல்ல வந்தான், அவன் கையைப் பிடித்து நெரித்தேன். தம்பி விரலைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

பொழுது இறங்கியதும் அதே சுவரில் படம் போட்டார்கள். சாம்பல் சுவரில் ஒன்றும் தெரியவில்லை. முகமெல்லாம் கரி பூசின மாதிரி இருந்தது. கடைசியில் என்னுடைய வேட்டி இரண்டை இணைத்துக் கட்டினோம். அப்போது தெரிந்தது.

"வெள்ளையா விட்டிருந்தா இந்த வேட்டிக்கு வேலை உண்டா?" என்றான் மாப்பிள்ளை, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

தம்பி மட்டும் திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தார்.

படத்தில் அந்தத் தங்கை பார்த்துக்கொண்டே இருந்தாள். நாங்கள் கைத்தோல் உரியத் தேய்த்த சுவர், அவள் வெளியே மணலில் உட்கார்ந்திருந்த ஒரு இடத்தில், அவளுக்குப் பின்னால் வந்தது. மங்கலாக, புகை மாதிரி. அவள் எழுந்ததும் போய்விட்டது. இதுதானா என்று மனைவி என்னைக் கேட்டாள். இதுதான் என்றேன்.

கிளம்பும்போது தம்பி காரிலிருந்து தலையை நீட்டினார். சாவியைக் கேட்கப்போகிறார் என்று இடுப்பில் கை வைத்தேன்.

"அண்ணே, தெக்கு ஜன்னல் கீல் துருப்பிடிச்சிருக்கு. வாரா வாரம் எண்ணெய் விடுங்க. அப்புறம் அந்த வெள்ளையடிக்கிற ஆளை இங்கன விடாதீங்க."

சரி என்றேன். அந்த ஆள் அதற்குள் சுவரில் கட்டிய என் வேட்டிகளை அவிழ்த்துக்கொண்டு, அடுத்து வாசல் தூணை அளந்துகொண்டிருந்தான்.