மேயருக்கு நின்ற சனிக்கிழமை

எங்கள் ஈப்போவில் மேயரை யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. டத்தோ பண்டார் என்று ஒருவரை மேலே இருப்பவர்கள் நியமிப்பார்கள், பத்திரிகையில் படம் வரும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஊரில் ஒரு சனிக்கிழமை நான் மேயர் பதவிக்கு நின்றேன். விளையாட்டுத் தேர்தல்தான். ஆனாலும் நின்றேன்.

பழைய டவுனில் சில இளைஞர்கள் சேர்ந்து அதை நடத்தினார்கள். மேயரை மக்களே தேர்ந்தெடுத்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க அவர்களுக்கு ஆசை. அவர்களில் ஒரு சீனப் பெண் என்னை பஸ் நிறுத்தத்தில் பார்த்தாள். நிறுத்தம் என்று பெயர். ஒரு கம்பமும் பலகையும்தான். மார்க்கெட் பைகளோடு கால்வாய்க் கட்டையில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தேன். "ஆண்ட்டி, பஸ் எப்ப வரும்?" என்று மலாயில் கேட்டாள். தெரியாது என்று ஆரம்பித்த நான், நிறுத்தவே இல்லை. கணவர் இருந்தவரை பஸ்ஸைப் பற்றி நான் நினைத்ததே கிடையாது. அவர் கார் ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து வருவேன். அவர் போன பிறகுதான், கார் ஓட்டத் தெரியாதவளுக்குக் கிளினிக்கும் கோயிலும் எவ்வளவு தூரம் என்று தெரிந்தது. இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் கொட்டினேன். அவள் என் போன் நம்பரை வாங்கிக்கொண்டாள். ஒருவரோடு இவ்வளவு பேசி எத்தனை மாதம் ஆயிற்று என்பது பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

மறுவாரம் போன் வந்தது. "நீங்களும் நில்லுங்க, ஆண்ட்டி."

மேயரானால் முதலில் செய்யப்போகும் மூன்று காரியங்களை மேடையில் சொல்ல வேண்டும். என் வீடு சிம்பாங் பூலாய் போகும் வழியில், ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய ஒரு தாமான் குடியிருப்பில் இருக்கிறது. மகன் சிங்கப்பூரில். சமையலறையில் நின்று சத்தமாகப் பேசிப் பழகினேன். டிவியைத் தவிர வேறு குரல் கேட்டுப் பழகாத வீடு. என் குரலே யாரோ வந்திருப்பதுபோல் இருந்தது. முதலில் பஸ். இரண்டாவது, கிளினிக் வரைக்கும் நடைபாதை. மூன்றாவது, பின்சந்துக்கு விளக்கு.

பழைய கடை ஒன்றின் மாடியில் கூட்டம். என்னோடு நின்றவர்கள் இரண்டு பேர். ஓர் இளம் வழக்கறிஞர், வெள்ளம் வடியக் கால்வாய், சுற்றுப்பயணிகள், பார்க்கிங் என்று அழகாகப் பேசினார். அடுத்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. யாழ்ப்பாணத்துக் குடும்பம், கஞ்சி போட்ட பருத்திப் புடவை. நிழல் மரம், சுத்தமான ஆறு, அகலமான நடைபாதை என்றார். அப்புறம் நான்.

பஸ்ஸையும் நடைபாதையையும் ஒழுங்காகச் சொல்லிவிட்டேன். விளக்கைச் சொல்ல வாயெடுத்தவள் வேறொன்றைச் சொன்னேன். "தனியா இருக்கிறவங்க வீட்டுக் கதவ வாரத்துக்கு ஒரு தடவையாச்சும் நகராண்மையிலேர்ந்து யாராவது வந்து தட்டணும். இருக்கீங்களான்னு கேட்டாப் போதும்."

கூட்டத்தில் ஒருவர் மரியாதையாகத்தான் சொன்னார்: "அது சமூகநல இலாகா வேலை லா, ஆண்ட்டி. நகராண்மை குப்பை எடுக்கும், கால்வாய் பாக்கும்."

"குப்பை எடுக்கிறவங்கதான் என் கேட் வரைக்கும் வாராங்க. அவங்களுக்கும் இறங்கிப் பேச நேரமில்ல" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வழக்கறிஞர்தான் ஜெயித்தார். எனக்குக் கொஞ்சம் ஓட்டு விழுந்தது. படியிறங்கும்போது தலைமையாசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டார். "பஸ் தேட வேண்டாம், வாங்கோ. நான் கொண்டுபோய் விடுறன்."

காரில் பாதி தூரம் போனதும் சாலையைப் பார்த்தபடியே சொன்னார்: "நான் மரம், ஆறு எண்டு கதைச்சன். ஓட்டை உங்களுக்குத்தான் போட்டனான்."

"ஏன் டீச்சர்? நீங்களும்தானே நின்னீங்க."

"என்ர கதவையும் ஒருத்தரும் தட்டுறேல்லை."

ஊரே மரியாதையாகக் கும்பிடும் மனுஷி, ஒரு பெரிய வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. கேட்டில் இறங்கி, "உள்ள வாங்க டீச்சர், தே போடறேன்" என்றேன். வந்தார். அன்று பாலில்லாத் தேநீர்தான் இருந்தது.

அதன்பிறகு வியாழக்கிழமைகளில் வருவார். ஹாரன் அடிக்க மாட்டார். இறங்கி வந்து கேட்டைத் தட்டுவார். சில நாள் சித்தியவான் வரை போய் மீன் வாங்கி வந்தோம். என்னைவிட அவருக்குத்தான் பேச நிறைய இருந்தது. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்தவள் என்று நான் சொன்னபோது, அங்கே என்ன சாப்பிட்டீர்கள், எப்படிப் பள்ளிக்கூடம் போனீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். அதை என்னிடம் யாரும் கேட்டதில்லை, என் மகன் உட்பட.

மழைக்காலத்தில் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். வேலைக்கு வந்த பெண் மறுநாள் காலையில்தான் பார்த்திருக்கிறாள். ஆஸ்திரேலியாவிலிருந்து மகன் வந்து, எலும்பு கூடியதும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார். வீட்டை விற்றாயிற்று.

எங்கள் பஸ் நிறுத்தத்துக்கு இந்த வருஷம் கூரை போட்டார்கள். நாங்கள் பேசியதாலா, எப்படியும் போட இருந்தார்களா, தெரியவில்லை. அதைச் சொல்லத்தான் போன வாரம் டீச்சரைக் கூப்பிட்டேன்.

"நல்லது" என்றார். "இஞ்ச நடைபாதை எல்லாம் வடிவாத்தான் இருக்கு. கூட நடக்கத்தான் ஆளில்லை."

அன்று வைத்த நண்டுக் கறியைப் பற்றிச் சொன்னேன். எவ்வளவு மிளகு போட்டீர்கள் என்று கேட்டார். சொல்லிக்கொண்டிருந்தபோதே பின்னால் யாரோ அவரைச் சாப்பிடக் கூப்பிடும் குரல் கேட்டது. பிறகு பேசுவோம் என்று வைத்துவிட்டார்.