நேசபாய் அக்காவின் சுருட்டை

நேசபாய் அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். யார்மேல் என்று கேட்டால் வரிசை நீளும். அதில் நானும் நிற்கிறேன்.

என் பெயர் ஜெஸ்பின். குழித்துறையில் ஒரு டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். நான்கு வருடமாக, வாரம் மூன்று நாள், ஜன்னலோரக் கட்டிலில் வந்து படுப்பவர் நேசபாய் அக்கா. வயது நாற்பத்தாறு. பேச்சிப்பாறைக்கு மேலே வீடு. பதினேழு வயதில் வெட்டுக்கத்தி பிடித்து, இருபத்தைந்து வருடம் ரப்பர் பால் வெட்டியவர். நான் ஊசி குத்தும்போதெல்லாம் கிண்டல் செய்வார்: "மரத்துக்கே நோவாம வெட்டுவேன் சிஸ்டரே. நீங்க மனுசிக்க கையில இந்தக் குத்து குத்துதிய."

நான்கு வருடத்துக்கு முன், ஓர் ஐப்பசி மழைக் காலையில், மரத்தடியில் சிந்தி இறுகிக் கிடந்த ஒட்டுப்பாலைப் பொறுக்கச் சருகுக்குள் கை விட்டிருக்கிறார். உள்ளே சுருண்டு கிடந்த பாம்பு கடித்துவிட்டது. கணவர் ஜான்ரோஸ், கல்லெடுத்து அதன் தலை கூழாகும்வரை அடித்துவிட்டுத்தான் மனைவியைப் பைக்கில் ஏற்றினார். ஆகவே ஆஸ்பத்திரிக்குப் பாம்பு போகவில்லை, அதன் பெயர் மட்டும் போனது.

"சுருட்டை கடிச்சு டாக்டரே" என்றார் ஜான்ரோஸ்.

அந்தப் பெயரில்தான் வந்தது வினை. எங்கள் மாவட்டத்தின் மேற்கே ரப்பர் தோட்டத்தில் சுருட்டை என்றால், மூக்கு நுனி மேலே தூக்கி, சருகு நிறத்தில் சருகுக்குள் கிடக்கும் குழிவிரியன். மிச்சத் தமிழ்நாட்டுக்கெல்லாம் சுருட்டை என்றால் சுருட்டை விரியன். வறண்ட காட்டில் செதிலை உரசிச் சத்தம் போடுவது. டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளை. அவர் காதில் விழுந்தது அவர் ஊர்ப் பாம்பு.

விஷமுறிவு மருந்து என்பது குதிரையின் ரத்தத்தில் எடுப்பது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டை விரியன் என்று நான்கு விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றுவார்கள். அந்த விஷத்தைப் பிடித்து முடக்கும் ஆன்டிபாடி குதிரையின் உடம்பில் உண்டாகும். அது தனக்குப் பழக்கமான விஷத்தைத்தான் பிடிக்கும். அக்காவுக்கு முப்பது குப்பி ஏற்றினார்கள். ரத்தம் உறையவில்லை. மருந்து ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டியதுதான் மிச்சம். மூன்றாம் நாள் மூத்திரம் நின்றது.

பிறகு சிறுநீரக டாக்டர் படங்களைக் காட்டியபோது, அக்கா மூக்கு தூக்கிய பாம்பின்மேல் விரலை வைத்தார். சரியான பெயரைச் சொல்லியிருந்தாலும் அதற்கு நம் நாட்டில் மருந்து கிடையாது என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. வீணாக முப்பது குப்பி ஏற்றாமல் சிறுநீரகத்தை முதலிலேயே கவனித்திருக்கலாம், அவ்வளவுதான்.

போன வருடம் மாவட்டத்தின் கிழக்கே பூதப்பாண்டியிலிருந்து குமாரதாஸ் என்பவர் வந்தார். பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்துக்காக ஊர் ஊராகத் தகவல் சேகரிப்பவர். இனிக் குதிரையே வேண்டாமாம். மனித ஆன்டிபாடிகளைக் கோடிக்கணக்கில் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கி, விஷத்தை நன்றாகப் பிடிப்பதைப் பொறுக்கியெடுத்து, இன்னும் இறுக்கிப் பிடிக்கும்படி திருத்தி, பல பாம்புக்கு ஒரே மருந்தாக்கப் போகிறார்களாம். எந்த ஊரில் எந்தப் பாம்புக்குப் பழைய மருந்து தோற்றது என்று தெரிந்தால்தான் எந்தெந்த விஷத்தைச் சேர்ப்பது என்று முடிவாகும். கடிபட்டவர்களின் ரத்தமும் வேண்டும்.

அக்கா உடனே கையை நீட்டினார். "எனக்கு இனி மருந்து வந்தா என்ன, வராட்டி என்ன. எனக்க மரத்த இப்ப ஸ்மைலின்தான் வெட்டுறா. எனக்க மோளுக்கு வேணும்."

மகள் ஸ்மைலின் பி.காம். முடித்த பெண். வேலை கிடைக்கும்வரை என்று கத்தியை எடுத்தாள். இன்னும் கீழே வைக்கவில்லை.

"தம்பி, இது உங்க பூதப்பாண்டி சுருட்டை இல்ல, கேட்டியளா. எங்க சுருட்டை. மூக்கு இப்படி நிக்கும்." தன் மூக்கு நுனியை விரலால் மேலே தள்ளிக் காட்டினார். குமாரதாஸ் சிரித்துவிட்டார். "மனசிலாச்சு அக்கா" என்றார்.

ரத்தம் எடுத்தது நான். சாட்சிக் கையெழுத்துப் போட்டதும் நான். குமாரதாஸின் டேப்லெட் திரையில் 'பாம்பு: சுருட்டை விரியன்' என்று இருந்தது. அந்த 'விரியன்' என் கண்ணில் பட்டது. பட்டும் உறைக்கவில்லை. அடுத்த கட்டில் மெஷின் கத்திக்கொண்டிருந்தது, அவசரத்தில் கிறுக்கிக் கொடுத்துவிட்டு ஓடினேன்.

இந்த மாதம் அறிக்கை வந்தது. புதிய ஆன்டிபாடி எலிகளைக் காப்பாற்றியிருக்கிறது, பெரிய சாதனைதான். பின்னால் ஓர் அட்டவணை. அதில் பேச்சிப்பாறைப் பெண், நாற்பத்தைந்து வயது, சுருட்டை விரியன். அதற்குக் கீழே ஒரு வரி: இம்மாவட்டத்தில் குழிவிரியன் கடி எதுவும் பதிவாகாததால் அடுத்த கட்ட மருந்தில் அது சேர்க்கப்படவில்லை.

குமாரதாஸைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவர் கத்தவில்லை. "படிவத்துல நாலு பாம்பு பேருதான் சிஸ்டர் இருந்துச்சு. 'மற்றவை'ன்னு போட்டா ஆபீஸ்ல திருப்பி அனுப்பிருவாங்க. நீங்களும் பாத்துத்தானே கையெழுத்துப் போட்டீங்க?"

ஆய்வுக்கூடத்துக்கு எழுதினேன். வருங்கால ஆய்வில் கருத்தில் கொள்வதாகப் பதில் வந்தது. அவர்களுடைய வருங்காலம் எப்போது வருமோ, ஸ்மைலினுக்கு நாளைக்கே மரம் இருக்கிறது.

திங்கட்கிழமை அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், என் கையெழுத்து உட்பட. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். குழாயில் ஓடும் தன் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப எனக்க பாம்பு இன்னும் ஒருத்தரையும் கடிக்கவே இல்லியா, சிஸ்டரே?"

டயாலிசிஸ் முடிந்து ஊசியை உருவப் போனபோது என் கையைப் பிடித்து, கிளவுஸைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். இருபத்தைந்து வருடம் ரப்பரைத் தொட்ட விரல் அது.

"இதும் பாலுதானே. இதவிடக் கட்டியில ஒரு சோடி எங்க கிடைக்கும்? ஸ்மைலினுக்கு."

அந்தக் கிளவுஸ் வழியாக என் நகம் தெரிந்தது. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.