சீக்கு வந்த கூண்டுக்காரர் படியேற மாட்டார்

எங்கள் அண்ணன் பிறந்தது மானாம்பதியில். நைனா காலமானபோது அவர் பள்ளியை விட்டுவிட்டு வாலாஜாபாத் அரிசி மில் வேலைக்குப் போனார். பிறகு எங்களை உத்திரமேரூருக்கு அழைத்து வந்து, என்னைப் பள்ளி இறுதி வகுப்புவரை படிக்க வைத்தார். அவரைப் பற்றிய இந்த நினைவு மலரில் புறாக்களைப் பற்றி எழுதுவது மரியாதையாக இருக்குமா என்று பலமுறை தயங்கினேன். புறாக்களை விட்டுவிட்டு எழுதிப் பார்த்தேன். வேறு யாரையோ பற்றி எழுதியதுபோல் இருந்தது.

மில்லிலிருந்து வந்ததும் அண்ணன் மாடிக் கூண்டுக்குத்தான் போவார். அவருக்குப் போட்டியும் சிநேகிதமும் எதிர்த் தெரு சைக்கிள் கடைக்காரர். அவரும் புறா வளர்ப்பவர்.

"இன்னாபா, நேத்து மேல போன உன் புறா எறங்கிச்சா, மெட்ராசுக்கே பூட்ச்சா?" என்று கேட்டுக்கொண்டே வருவார்.

"எறங்கிச்சி. உன் கூண்டு மேலதான் எறங்கப் பாத்துச்சாம். உன் மூஞ்சியப் பாத்து பயந்து திரும்பிடுச்சி" என்பார் அண்ணன்.

இவ்வளவு கேலிக்கு நடுவே அவர்களுக்குள் கண்டிப்பான வழக்கம் ஒன்று இருந்தது. புறாக்களுக்குக் கழுத்து திருகினாலும், பச்சையாகக் கழிந்தாலும், வாயில் வெள்ளை படர்ந்தாலும் அந்தக் கூண்டுக்காரர் இன்னொருவர் வீட்டுப் படி ஏறக் கூடாது. சீக்கு கையிலும் காலிலும் ஒட்டிக்கொண்டு வரும் என்பார்கள். சீக்கு தீர்ந்த பிறகும் வீட்டுக்காரர் வாய்விட்டுக் கூப்பிட்டால்தான் உள்ளே வரலாம். அதுவரை பேச்செல்லாம் தெருவில்தான்.

நான் பிரசவத்துக்கு வந்திருந்தபோது என் மகளுக்கு வாயெல்லாம் தயிர் ஒட்டியதுபோல் வெள்ளை படர்ந்தது. பால் குடிக்காமல் அழுதாள். அதே வாரம் அண்ணன் ஒரு புறாக்குஞ்சின் அலகைத் திறந்து மருந்து தடவுவதைப் பார்த்தேன். அங்கும் அதே வெள்ளை. நான் பயந்துபோய் அண்ணியிடம் சொன்னது அண்ணன் காதில் விழுந்துவிட்டது. அன்றே தோட்டத்தில் கட்டிலைப் போட்டுக்கொண்டார். சாப்பாடும் அங்கேதான்.

கைக்குழந்தைகளுக்குச் சாதாரணமாக வருவதுதான், புறாவால் வந்ததல்ல என்று சொல்லி ஆஸ்பத்திரியில் ஊதா மருந்து கொடுத்தார்கள். அண்ணனிடம் சொன்னேன்.

"டாக்டருக்குக் கொழந்த சீக்கு தெரியும். புறா சீக்கு தெரியுமா? ரெண்டும் ஆறட்டும். நீ கூப்டு, வரேன்" என்றார்.

சைக்கிள் கடைக்காரர் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னாபா, உன்னியே கூண்ட வுட்டு ஒதுக்கி வெச்சிட்டாங்களா? சோறு போடறாங்களா, கம்பு போடறாங்களா?"

"சோறுதான். நீ இன்னும் கொஞ்ச நேரம் நின்னா கம்புதான்."

குழந்தையின் வாய் ஆறிவிட்டது. இருந்தும் எனக்குத் தைரியம் வரவில்லை. இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்று தினமும் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் ஜன்னலுக்கு வெளியே தள்ளி நின்று அவளைப் பார்த்துவிட்டுப் போவார். ஒரு காலை, "உள்ள வாண்ணா" என்றேன். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். குழந்தையை மடியில் வாங்கியதும், "வாயத் தொற தாயீ" என்று குஞ்சைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகுதான் கொஞ்சினார்.

அந்தக் குழந்தை இரண்டாம் வகுப்புக்குப் போனபோது, சென்ற ஆண்டு, மில்லில் நெஞ்சுவலி வந்து அண்ணன் எங்களை விட்டுப் போனார். இன்னும் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாமோ என்று இன்றும் நினைக்கிறேன். யாரும் எதுவும் செய்திருக்க முடியாது என்கிறார்கள்.

அன்று வீடு கொள்ளாத கூட்டம். சைக்கிள் கடைக்காரர் மட்டும் எதிரே கரண்டுக் கம்பத்தடியில் நின்றிருந்தார். நான் போய், "உள்ள வாங்கண்ணே" என்று கூப்பிட்டேன்.

"வேணாம் தங்கச்சி. என் கூண்டுல ரெண்டு புறா கழுத்து திருகிக்கினு கீது. மாடில அவன் புறாங்க கீதே. நான் உள்ள வந்தா அவனுக்குப் புடிக்காது." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னிக்கு அவன்தான் வெளிய வருவான் இல்ல? அப்ப பாத்துக்கறேன்."

அண்ணன் வெளியே வந்தார். இடுகாடுவரை சைக்கிள் கடைக்காரர்தான் தோள் கொடுத்தார்.

மில்லிலிருந்து அண்ணனைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள், அடுப்பு மூட்டாத எங்கள் வீட்டுக்குச் சமைத்து அனுப்பிய அக்கம்பக்கத்தார், அண்ணிக்குத் துணையாக இருந்த உறவினர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணனின் புறாக்களுக்கு இப்போது அண்ணியும் என் மகளும் கம்பு போடுகிறார்கள். அவற்றில் ஒன்றுக்கும் சீக்கு வரவில்லை. சைக்கிள் கடைக்காரரின் கூண்டிலும் சீக்கு தீர்ந்து மாதங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் அவர் தெருவில் நின்றே விசாரித்துவிட்டுப் போகிறார். ஏன் என்று இதை எழுதும்போதுதான் புரிந்தது. சீக்கு தீர்ந்த பிறகு கூப்பிட வேண்டியவர் இல்லை. எங்களில் யாரும் கூப்பிடவும் இல்லை.

சைக்கிள் கடை அண்ணே, இந்த மலர் உங்கள் கைக்கும் வரும். நினைவு நாளன்று உள்ளே வாருங்கள். நான் கூப்பிடுகிறேன்.