தனியாகப் போட்ட முதல் ஓட்டு

அந்த மருத்துவமனையில் எந்தத் தொலைபேசியிலிருந்தும் வெளியே பேச வேண்டுமென்றால் முதலில் சைபரை அழுத்த வேண்டும். அழுத்தினால் இணைப்புக் கொடுக்கும் ஆபரேட்டரின் குரல் கேட்கும். அதனால் டாக்டர்கள் முதல் துப்புரவுப் பணியாளர்கள் வரை எல்லோருக்கும் அவர் 'சைபர்'தான். புதிதாக வந்தவர்கள் அப்படிக் கூப்பிடத் தயங்கினால் அவரே தைரியம் சொல்வார்: "சும்மா கூப்பிடுங்க. இந்த சைபர் இல்லாம இங்க ஒருத்தரும் வெளிய பேச முடியாது."

நாலு வயதில் வந்த காய்ச்சலில் பார்வை போனது. இப்போது வயது நாற்பத்தாறு. மாடிப்படிக்கு அடியில் ஜன்னல் இல்லாத அறை அவருடையது. நிர்வாகம் ஒருமுறை அதற்காக வருத்தம் தெரிவித்தபோது, விளக்குகூட வேண்டாம், மின்விசிறி ஒழுங்காக ஓடினால் போதும் என்றார். முந்நூறு இணைப்பு எண்கள் அவருக்கு மனப்பாடம்.

அண்ணன் வீட்டில் இருந்தார். அண்ணனுக்குக் குழாய் பொருத்தும் வேலை. ஆளும் கட்சிக்குத் தெருச் செயலாளரும் அவர்தான். தம்பியைப் பள்ளியில் சேர்த்து, பிரெயில் படிக்கவைத்து, இந்த வேலைக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவர். தேர்தலன்று தம்பியைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் வாக்குச்சீட்டில் முத்திரை குத்துவதும் அவரே. முதல் தடவை வெளியே வந்ததும் தம்பி கேட்டார், யாருக்குக் குத்தினாய் என்று. "நமக்குத்தான்" என்றார் அண்ணன். அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடம் தம்பி கேட்கவேயில்லை.

ஒரு தேர்தலுக்கு முந்தைய மாதம், தேர்தல் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். நோயாளிகள் வாக்களிக்க ஏற்பாடு செய்வது பற்றிக் கண்காணிப்பாளரிடம் பேச வேண்டுமாம். கண்காணிப்பாளர் வேறொரு அழைப்பில் இருந்தார். காத்திருந்த நேரத்தில் பேச்சு வளர்ந்தது. பார்வையற்றவர்களுக்கு இந்த முறை துளை போட்ட அட்டை ஒன்று வருகிறது, வாக்குச்சீட்டை அதற்குள் செருகிவிட்டால் ஒவ்வொரு துளைக்கும் பக்கத்தில் பிரெயில் எண் இருக்கும் என்று அந்தப் பெண் சொன்னார். தனக்கு அண்ணன் போட்டுவிடுவார் என்றார் சைபர்.

"அதுவும் சட்டப்படி சரிதான் சார். துணைக்கு ஆள் கூட்டிட்டுப் போகலாம். ஆனா ரகசியமா ஓட்டுப் போடறது அரசியலமைப்பு உங்களுக்குக் குடுத்த உரிமை. அது வேணுமா வேண்டாமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும்."

கண்காணிப்பாளர் கிடைத்துவிட்டார். இணைப்பைக் கொடுத்துவிட்டு சைபர் வெகுநேரம் யோசித்தார். அண்ணன் தன்னிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை. தானேதான் அதை விட்டுவிட்டதாகத் தோன்றியது. அந்தக் கட்சி பிடிக்குமா என்று தன்னைத் தானே கேட்டுப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அதை யோசித்ததே இல்லை.

தொகுதியில் நாலு வேட்பாளர்கள். அவரால் சுவரொட்டி பார்க்க முடியாது. கூட்டத்தில் ஒலிபெருக்கி சத்தம் ஆகாது. அவருக்குத் தெரிந்தது தொலைபேசி. மதிய இடைவேளையில் நாலு பேர் அலுவலகத்துக்கும் கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேட்டார்: மருத்துவமனை வாசலில் சாலையைக் கடக்கும் இடத்து சிக்னலில், பார்வையில்லாதவர்களுக்கான மணியோசை எட்டு மாதமாக நின்றுபோயிருக்கிறது, நீங்கள் என்ன செய்வீர்கள்?

அண்ணனுடைய கட்சி அலுவலகத்தில், எந்தத் தெரு, யார் வீடு என்று விசாரித்தார்கள். தெரிந்ததும், "நம்ம ஆளா, அப்ப கவலையே வேண்டாம்" என்று வைத்துவிட்டார்கள். இரண்டாவது ஆள் கேள்வி முடிவதற்குள் அந்த இடத்தில் மேம்பாலமே கட்டித் தருவதாகச் சொன்னார். மூன்றாவது இடத்தில் நாலு நாளாக யாரும் எடுக்கவில்லை. நாலாவது, ஒரு சின்னக் கட்சி. வேட்பாளரான மருந்துக் கடைக்காரம்மாவே எடுத்தார். அது எந்தத் துறையின் பொறுப்பு என்று தனக்குத் தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்றார். சொன்னபடி இரண்டு நாளில் கூப்பிட்டார். அது நகராட்சி வேலையாம்; பொறியாளரின் எண்ணைக் கொடுத்து, தானும் கடிதம் எழுதியிருப்பதாகச் சொன்னார்.

அதோடு முடிந்திருந்தால் எளிது. ஆனால் அந்த அம்மாவுடைய கட்சி அறிக்கையில், மருத்துவமனைகளின் தொலைபேசி, காவல், துப்புரவு வேலைகளைத் தனியாருக்குக் கொடுக்கலாம் என்று ஒரு வரி இருப்பது சைபருக்குத் தெரியும். அதையும் கேட்டுவிட்டார்.

அந்த அம்மா மழுப்பவில்லை. "ஆமா, அப்படித்தான் இருக்கு. கட்சிக்குள்ள நான் வேண்டாம்னுதான் சொன்னேன். எடுபடல. உங்ககிட்ட மறைக்க எனக்கு இஷ்டமில்ல."

தன் வேலைக்கே உலை வைக்கக்கூடிய கட்சியில் உண்மை பேசுகிற ஒரு ஆள். அண்ணனின் கட்சியோ இந்த மருத்துவமனையைக் கட்டிய கட்சி. ஆளைப் பார்ப்பதா, கட்சியைப் பார்ப்பதா என்று சைபர் பத்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டார்.

இந்த முறை தானே தனியாக ஓட்டுப் போடப்போவதாகத் தேர்தலுக்கு முந்தின வாரம் சாப்பிடும்போது வீட்டில் சொன்னார். அண்ணன் தட்டைத் தள்ளிவைத்தார்.

"இத்தனை வருஷமா உன் கையைப் பிடிச்சதுல என்னடா தப்பக் கண்ட?"

"தப்பே இல்ல அண்ணா. இப்பவும் வாசல் வரைக்கும் நீதான் கூட்டிட்டுப் போகணும். உள்ள மட்டும் நான் போறேன்."

அண்ணி பாத்திரத்தை எடுத்துக்கொண்டே சொன்னார்: "எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஆனா நானும் இத்தனை வருஷமா இவர் சொன்ன இடத்துலதான் குத்திட்டு வரேன்."

அண்ணன் எழுந்து கை கழுவப் போனார்.

வாக்குச்சாவடி ஒரு பள்ளி வகுப்பறை. அட்டையா, அப்படி ஒன்றும் வரவில்லையே என்றார் அதிகாரி. அண்ணன் கட்சி முகவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார், அண்ணனே உள்ளே வரட்டும், யாரும் ஆட்சேபிக்க மாட்டோம் என்று. வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது.  திரும்பிவிடலாமா என்றுகூட சைபர் நினைத்தார். ஆனாலும் நகரவில்லை. தன் வேலைக் குரலில், பதற்றமில்லாமல், தேர்தல் அலுவலக எண்ணைச் சொல்லி அதிகாரியைப் பேசச் சொன்னார். பேசியபின் தேர்தல் சாமான்கள் வந்த பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார்கள். அடியில், உறை பிரிக்காமல் கிடந்தது அட்டை.

மறைப்புக்குள் போய் நாலு துளைகளையும் தடவினார். வேட்பாளர்களின் வரிசை எண்கள் அவருக்குத் தெரியும். முத்திரையை எடுத்தபிறகும் விரல் இரண்டு துளைகளுக்கு நடுவே நின்றது. பயமாகத்தான் இருந்தது, தப்பானால் இனி யார்மேலும் பழி போட முடியாது. பிறகு குத்தினார், மடித்தார், வெளியே வந்து பெட்டியில் போட்டார்.

எந்தத் துளையில் குத்தினார் என்பது எனக்கும் தெரியாது. அதே மருத்துவமனையில் வேலை பார்க்கும் நானும் போனில் கேட்டுப் பார்த்தேன்; சிரித்துவிட்டு என் அழைப்பை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்.

அண்ணனின் கட்சியே ஜெயித்தது. அன்று வீட்டுக்கு வந்து, "நீயும் நமக்குத்தானே போட்ட?" என்று அண்ணன் ஆசையாகக் கேட்டார். தம்பி சொல்ல மறுத்துவிட்டார். ஒரு வாரம் இருவருக்கும் பேச்சு இல்லை. பிறகு குளியலறைக் குழாய் ஒழுகியது, அண்ணன் ஸ்பேனர் கேட்டார், தம்பி எடுத்துக் கொடுத்தார், அப்படியே சரியாகிவிட்டது. சிக்னல் மணியும் ஒலித்தது. சைபர் வாரா வாரம் அந்தப் பொறியாளரைக் கூப்பிட்டதில் ஏழு மாதம் பிடித்தது.

அடுத்து நகராட்சித் தேர்தல் வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் கட்சிக்கு உறுதியான வாக்கு எத்தனை என்று தெருச் செயலாளர் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். அண்ணன் தன் வீட்டுக்கு நேரே 'ஒன்று' என்று எழுதினார். கட்சிக்காரர்கள் கேலி செய்தார்களாம், வீட்டிலேயே உங்களுக்குச் செல்வாக்கு இல்லையா என்று.

"மத்த ரெண்டு பேர்கிட்டயும் நீங்களே வந்து கேளுங்க" என்றாராம் அண்ணன். "என் தம்பி நிறையக் கேள்வி கேப்பான். பதில் தெரிஞ்ச ஆளா அனுப்புங்க."