பாதிச் சாணி எங்கே?

போன வியாழக்கிழமை சாணியில் போட்ட காபி குடித்தேன்.

முகத்தைச் சுளிக்காதீர்கள். காபிப்பொடி காபிப்பொடிதான், பால் பால்தான். அடியில் எரிந்த நெருப்பு மட்டும் சாணியிலிருந்து வந்தது. நீலமாக! புகை கிடையாது, கரி கிடையாது, ஊதுகுழல் கிடையாது. ரெண்டு டம்ளர் குடித்துவிட்டு, திரும்பும்போது பஸ்ஸில் தானாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தார்.

எங்கள் அடையாறு தெருவுக்குப் பால் கொடுப்பவள் கோவிந்தம்மா. திருவான்மியூர் பக்கம் அவளுக்கு ஒரு கீரைத் தோட்டம், நாலு மாடு. விடிகாலையில் மாடுகளை ஓட்டி வந்து, வாசலிலேயே நிறுத்திக் கறப்பாள். கண்ணெதிரே கறந்தால்தான் எங்கள் தெருவுக்குப் பால். கேனில் வந்தால் அது தண்ணீர்!

போன வருஷம் சர்க்கார் மானியத்தில் அவள் தோட்டத்தில் ஒரு சாண எரிவாயுக் குழி கட்டிக் கொடுத்தார்கள். அந்தப் பக்கத்திலேயே முதல் குழி. சாணியைக் கரைத்து ஊற்றி மேலே இரும்பு டிரம்மைக் கவிழ்த்து வைத்தால் கேஸ் வரும், அடுப்பு எரியும், மிஞ்சும் கூழ் கீரைக்கு உரம். வரட்டி தட்டினால் சாணி அடுப்போடு போச்சு. இதில் அடுப்புக்கும் ஆச்சு, மண்ணுக்கும் ஆச்சு.

கோவிந்தம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. குழிக்குச் சம்மதித்துக் கைநாட்டு வைத்த அன்றைக்கே, கடப்பாரையை எடுத்து விறகு அடுப்பை இடித்துத் தள்ளிவிட்டாள்.

"ஏம்மா இவ்வளவு அவசரம்?" என்றேன்.

"இருவது வருசமா ஊதி ஊதி கண்ணே அவிஞ்சி பூட்ச்சி. அத்த வச்சிக்கினு இருந்தா மறுபடி அதுங்கிட்டதான் போய் குந்துவேன்."

ஆனால் கேஸ் வரவில்லை. ஒரு மாசம்... ரெண்டு மாசம்... வெட்டவெளியில் மூன்று செங்கல்லை வைத்துச் சமைத்தாள். மழை வந்தால் அன்றைக்குப் பழைய சோறுதான். அக்கம்பக்கத்தில் கேலி வேறு. "இன்னா கோவிந்தம்மா, இன்னிக்கி இன்னா கொழம்பு? சாணிக் கொழம்பா?"

மார்கழி நடுவில், குழியைச் சோதிக்க சர்க்கார் ஆபீசர் வருகிறார் என்றாள். "நீ பேப்பர்ல எய்தறவ. சும்மா வந்து குந்திக்கோம்மா, எனக்கு அது போதும்."

தபால்காரர் கூப்பிட்டாலே கதவுக்குப் பின்னால் நிற்கிற ஆள் நான். என்னவோ, போனேன்.

ஆபீசர் சின்ன வயசு. குழாயைத் திருகினார். கோவிந்தம்மா குச்சியைக் கிழித்தாள். புஸ் என்று ஒரு பெருமூச்சு... குச்சிதான் அணைந்தது. இன்னொரு குச்சி. அதுவும் அப்படியே.

"நாலு மாட்டுச் சாணி விழுந்தா எரிஞ்சே ஆகணும். இதுல பாதிகூட விழலை. மீதி எங்கேம்மா?"

"கொட்டாயில வுயறத ஒரு பிடி வுடாம போட்டுக்கினுதான் கீறேன் சார்!"

"இப்படியே இருந்தா குழி உதவாதுன்னு எழுத வேண்டியதுதான். டிரம்மை வேற தோட்டத்துக்குக் கொண்டு போயிடுவாங்க."

கோவிந்தம்மா திரும்பி, அடுப்பு இருந்த மூலையைப் பார்த்தாள்.

மீதி எங்கே என்று எனக்குத் தெரியும்!

மாடு எங்கள் வாசலில் நின்று பாலை மட்டுமா கொடுக்கிறது? கோவிந்தம்மா குனிந்து கறக்கிற நேரத்தில், பின்பக்கம் நாங்கள் முறத்தோடு பாய்வோம். வாசல் தெளிக்க, மெழுக, மார்கழியில் கோலத்து நடுவில் பூசணிப்பூ வைக்க. கேட்டு வாங்கக் கூச்சமாயிருக்கும் என்று நான் கேட்காமலே எடுப்பேன். தெருவிலேயே முதலில் ஓடுகிறவள் நான்தான்...

அஞ்சாம் வகுப்பில் கூச்சப்பட்டுக் கீழே இறக்கிய கையை அன்றைக்குத்தான் மறுபடி தூக்கினேன்.

"சார்... பாதி எங்க தெருவுல இருக்கு."

ஆபீசர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி மூக்கை விட்டு இறங்கிவிட்டது. கோவிந்தம்மா இடுப்பில் கையை வைத்தாள். "அடிப்பாவி! நீயா?"

சர்க்கார் இரும்பு பார்த்தது, சிமென்ட் பார்த்தது, குழாய் பார்த்தது. காலை வேளையில் மாடு எங்கே நிற்கும் என்று ஒருவரும் கேட்கவில்லையே!

ஒரு மாசம் தவணை கிடைத்தது. நான் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினேன். ஆமாம், நான்தான்! எதிர் வீட்டு ஜானகி லேசில் மசியவில்லை.

"எங்காத்து வாசல்ல விழுந்தா அது எங்காத்து சாணி. திருப்பிக் குடுன்னா என்னடி அர்த்தம்?"

"அவளுக்கு அடுப்பு இல்லை ஜானகி. செங்கல்லுல சமைக்கிறா."

"அப்போ பூசணிப்பூவை எதுல சொருகறதாம்?"

கடைசியில் பஞ்சாயத்து இப்படி முடிந்தது: தெரு முழுசுக்கும் ஒரே ஒரு உருண்டை. தினம் ஒரு வீட்டு வாசலில். மற்றதெல்லாம் தெருமுனையில் இருக்கும் வாளியில். வாளி என்னுடையது. அவசரத்துக்குக் கையில் கிடைத்த பாத்ரூம் வாளி. அதைக் கோவிந்தம்மாவின் புருஷன் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போவார்.

மூன்றே நாளில் ஜானகி காவலுக்கே நின்றுவிட்டாள். யாராவது மாட்டுக்குப் பின்னால் குனிந்தால் மாடியிலிருந்து சத்தம் வரும். "ஏய், தொடாதே! அது கேஸு!"

பொங்கல் போனது. வியாழக்கிழமை வந்தது. எங்கள் தெருவிலிருந்து ஒரு பஸ் கூட்டம் கிளம்பிப் போனோம். ஆபீசர் குழாயைத் திருகினார். கோவிந்தம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு குச்சியைக் கிழித்தாள்.

குப்!

கண்ணைத் திறந்து பார்த்தவள் போட்ட சத்தத்தில் மாடுகள் நாலும் எழுந்து நின்றுவிட்டன. என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். இந்த வயசில்! சாணிக் காபியை வாயில் வைக்கவே மாட்டேன் என்று சபதம் போட்டு வந்த ஜானகி, "இன்னும் கொஞ்சம் டிகாக்ஷன் விடேன்" என்று டம்ளரை நீட்டினாள்.

ஆபீசர் கையில் ஒரு ஃபாரம். அதில் 'புதிதாகக் கையாண்ட முறை' என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தார். "இதுல என்னம்மா எழுதறது?"

"எய்திக்கோ சார்," என்றாள் கோவிந்தம்மா. "பக்கெட்டு."

எழுதியே விட்டார்! அதோடு, மற்ற தோட்டக்காரர்களுக்குக் காட்ட வேண்டும் என்று வாளியையும் கழுவி, ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பித்தளை வாளி. விளிம்பில் என் பெயர் வெட்டியிருக்கும். ஒரு மாசத்துக்கு மேலாக அண்டாவில் சொம்பு விட்டுத்தான் குளியல். திருப்பிக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது... ஆபீசர் சார், நீங்கள் இந்தப் பத்தியைப் படிப்பதுண்டா?