கப்பல் தண்டுக்கு வைத்த பொட்டு

மேகலா பேரிகை என்ற ஊரிலிருந்து தினமும் வேனில் ஓசூருக்கு வேலைக்கு வருகிறவள். பெரிய கப்பல்களின் டீசல் எஞ்சினுக்கு உதிரி பாகம் செய்யும் சின்னக் கம்பெனி அது. பேரிங்கையும் வார்ம் தண்டையும் சோதித்து, துடைத்து, எண்ணெய் தடவி, துருவைத் தடுக்கும் தாளில் சுற்றிப் பெட்டியில் வைப்பது அவள் பொறுப்பு. வார்ம் என்பது உடம்பைச் சுற்றித் திருகாணிபோலப் பல் ஓடும் இரும்புத் தண்டு. நிற்கிற எஞ்சினைப் பழுது பார்க்கும்போது மெல்லத் திருப்புவதற்கு அது வேண்டும்.

வியர்த்த விரல் பட்டாலே அதில் துரு வரும். ஆனால் தொடாதவர் யாருமில்லை. முதலாளி ராஜப்பன் வருகிறவர்களிடமெல்லாம், "தொட்டுப் பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கும்" என்பார். கையுறை வாங்கி வைத்தால், சூடான டீ கேனைப் பிடிக்க, டீ வாங்கி வரும் திம்மப்பன் எடுத்துக்கொண்டு போவார்.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள், கொச்சிக்குப் போகவேண்டிய ஒரு தண்டைச் சுற்றிக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள். கொச்சியில் அதற்காகக் கப்பல் காத்திருந்தது. லீவு முடிந்து வந்து பார்த்தால் தாள் பிரிந்து கிடந்தது. பல்லுக்குப் பல் சந்தனம், அதன்மேல் குங்குமம். துடைத்தாள். ஒவ்வொரு பொட்டுக்கு அடியிலும் துரு. நகத்தை ஓட்டினால் தடுக்கியது.

"யாருங்க பிரிச்சது?"

"நான்தான்" என்றார் முதலாளி மனைவி சாந்தம்மா. "நல்ல நாளும் அதுவுமா மூடி வெச்சா எப்படி? கப்பல்ல போறது, சாமி காப்பாத்த வேணாமா?"

மேகலாவுக்குக் கோபத்தில் வாயில் வந்ததெல்லாம் வீட்டில் பேசும் தெலுங்கு. விழுங்கிக்கொண்டாள்.

ராஜப்பன் எட்டிப் பார்த்தார். "லேசா தேய்ச்சு அனுப்பிடும்மா."

"பல்லுல தேய்ச்சா அளவு போயிடும் சார். நான் பாஸ் பண்ண மாட்டேன்."

அவர் பெருமூச்சு விட்டு, அடித்துக்கொண்டிருந்த போனை அவள் கையில் கொடுத்தார். "கொச்சிக்காரர்தான். நீயே சொல்லு."

"துரு பிடிச்சிடுச்சு சார்" என்றாள்.

"புதுசுல எப்படிம்மா துரு வரும்?"

சொல்லப் பொய் எதுவும் கிடைக்கவில்லை. "பூஜையில பொட்டு வெச்சிட்டாங்க சார்."

அவர் நிதானமாகச் சொன்னார். "எங்க எஞ்சினுக்கும் வெக்கிறோம்மா. பெயின்ட் அடிச்ச இடத்துல."

வேறு தண்டு கடைந்து அனுப்பினார்கள். கப்பல் அதுவரை கட்டிக் கிடந்தது. சாந்தம்மா தீபாவளி வரை மேகலாவிடம் பேசவில்லை. சாமி காரியத்தைக் குறை சொன்னாளாம். வேனில் வரும் பூங்கொடிகூட, "நீ கொஞ்சம் தணிஞ்சு போயிருக்கலாம் அக்கா" என்றாள். துரு பிடிக்க விட்டது தான்தானோ என்று மேகலாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இந்த வருஷம் பூஜைக்கு முன்னாலேயே தண்டைப் பெட்டியில் வைத்து, நாலு பக்கமும் ஆணி அடித்தாள். சாந்தம்மா வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். மேகலா நிம்மதியாக ஊருக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது ஆணி ஒன்றும் அசையவில்லை. மேலே ஒட்டியிருந்த விலாசத் தாளின் நட்டநடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம். மை கரைந்து, ஊர்ப் பெயர் தெரியவில்லை. வெளியே லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

மேகலா பேனாவைத் தேடினாள்.