தானாக ஏறும் முள்

மூன்றாம் மாடி வஸ்ஃபியின் பாய்லர் இன்றைக்கோ நாளைக்கோ வெடிக்கப் போகிறது என்று முதலில் சொன்னது ரொட்டிக்கடை வரிசைதான். வரிசை கரைவதற்குள் பால்கனி ஜன்னல் பெயர்ந்துவிட்டது. பேச்சு பக்கத்துத் தெருவைத் தொட்டபோது வஸ்ஃபிக்கு ஒரு கையே போய்விட்டது. சிவாஸ் நகரில் ஜனவரி மாதம் யார் வாயைத் திறந்தாலும் ஆவி வரும். ஆவியோடு கொஞ்சம் செய்தியும் வருவது வழக்கம்.

விசாரித்துப் பார்த்தால், ஜன்னல் இருந்த இடத்தில் இருந்தது. வஸ்ஃபிக்கும் இரண்டு கைகள் இருந்தன. இரண்டையும் அக்குளில் சொருகிக்கொண்டு பாய்லரைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

நடந்தது இவ்வளவுதான். வீட்டைச் சூடாக்குவதற்காகச் சமையலறைப் பால்கனிச் சுவரில் தொங்கும் அந்த கேஸ் பாய்லரில், அழுத்தம் காட்டும் முள் ஒன்றரையில் நிற்க வேண்டும். அது யாரையும் கேட்காமல் மூன்றுக்கு ஏறிவிடுகிறது. மூன்றைத் தாண்டினால் பாய்லர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு குழாய் வழியே தண்ணீரைத் துப்பும். துப்பிய தண்ணீர் கீழ்வீட்டு மக்புலேயின் துணிக்கொடியில் சொட்டி, அவள் மகனுடைய கால்சட்டைகளுக்குப் பனித்தாடி முளைத்திருந்தது.

வஸ்ஃபி தினமும் காலையில், பாய்லர் தண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் திருகைத் திறந்து ஒரு பேசின் கறுப்புத் தண்ணீரை வடிப்பார். முள் இறங்கும். மத்தியானச் சூப்பைக் குடித்து முடிப்பதற்குள் மறுபடி ஏறும். நிலப்பதிவு அலுவலகத்தில் மேஜைக் கோப்புகளை ஆயுள் முழுக்க இப்படித்தான் இறக்கிவைத்தார். அவையும் மறுநாள் ஏறித்தான் கிடந்தன.

பழுது பார்ப்பவரைக் கூப்பிட வேண்டியதுதானே? அதில்தான் சிக்கல். வஸ்ஃபியின் பாய்லர் எரிவதே இல்லை. மனைவி பெரிஹான் போய்ச் சேர்ந்த பிறகு, இரண்டு குளிர்காலமாக, குளிக்கிற வெந்நீருக்குத் தவிர அதை அவர் மூட்டியதில்லை. மேலே நெவ்ஸாத் எரிக்கிறான். கீழே மக்புலே எரிக்கிறாள். நடுவில் கிடப்பவன் ரொட்டிக்குள் வைத்த பாலாடைக்கட்டி மாதிரி தானாக இளகமாட்டானா? ஓய்வூதியக்காரனின் கணக்கில் அது பாவமாகத் தெரியவில்லை.

ஆனால் குடியிருப்போர் கூட்டத்தில், “அடுத்தவன் நெருப்புல குளிர்காயுறவன் திருடன்!” என்று எழுந்து நின்று முழங்கியதும் அவர்தான். கைதட்டல் பலமாகவே இருந்தது.

அன்று முதல் அந்தப் பேச்சைக் காப்பாற்றுவது தனி உத்தியோகமாகிவிட்டது. அழைப்பு மணி அடித்தால் கம்பளிச் சட்டையைக் கழற்றி சோபாவுக்குப் பின்னால் எறிந்துவிட்டு, மெல்லிய சட்டையோடு போய்க் கதவைத் திறப்பார். சொல்லிவிட்டு வரும் விருந்தாளி என்றால் அரைமணி முன்னதாகப் பாய்லரை மூட்டிவிடுவார். இந்த வயதில் ஒரு மனிதன் குளிரில் நடுங்கிவிடலாம். நடுங்காத மாதிரி இருப்பதுதான் இடுப்பை ஒடிக்கிறது.

கடைசியில் பாய்லர் மெக்கானிக் ருக்னெத்தின் உஸ்தா பழுது பார்க்க வந்த அன்றும் மூட்டித்தான் வைத்திருந்தார். உஸ்தா தனியாக வரவில்லை. கால்சட்டைக்கு நியாயம் கேட்க மக்புலே பின்னாலேயே வந்தாள். வெடிப்பதைப் பார்க்கலாம் என்று நெவ்ஸாத்தும் இறங்கி வந்தான்.

உஸ்தா ரேடியேட்டரைத் தொட்டார். சுட்டது.

“வஸ்ஃபி அபி, அண்ணனாச்சேன்னு கேக்குறேன், ஒரே ஒரு கேள்வி. முள்ளு எப்ப ஏறுது? எரியுறப்பவா, அணைஞ்சு ஆறிக் கிடக்குறப்பவா?”

பச்சைப்பிள்ளையும் பதில் சொல்லிவிடும் கேள்வி. வஸ்ஃபிக்கும் பதில் நாக்கு நுனிவரை வந்தது. மக்புலே கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது.

“எரியுறப்பதான். நம்ம வீட்டுல அது என்னைக்கு அணைஞ்சிருக்கு?”

“அதானே, அபி வீடு வெந்நீர்க் குளியல் ஹமாம் மாதிரில்ல இருக்கு” என்றான் நெவ்ஸாத்.

“அப்ப காத்து டப்பாதான்” என்றார் உஸ்தா. “தண்ணி சூடானா உப்பும். உப்புன தண்ணி ஒதுங்க உள்ள ஒரு டப்பா இருக்கு. அதுல காத்து இறங்கிட்டா தண்ணிக்குப் போக்கிடம் ஏது? முள்ளு எகிறத்தான் செய்யும்.”

கார் டயருக்கு அடிக்கிற பம்பை எடுத்து டப்பாவுக்குக் காற்றடித்தார். தேநீர் குடித்தார். போய்விட்டார். எல்லோரும் போனதும் வஸ்ஃபி பாய்லரை அணைத்தார். அது ஆறியது, முள் ஏறியது. அந்த வீட்டில் பொய் சொல்லத் தெரியாத ஒரே ஜீவன் அந்த முள்தான்.

அந்த வாரமே மக்புலேயின் கொடியிலிருந்து ஒரு பனிக்கட்டி விழுந்து ஊறுகாய் ஜாடி உடைந்தது. மறுபடி உஸ்தா, மறுபடி மக்புலே, மறுபடி நெவ்ஸாத். மறுபடி சூடான ரேடியேட்டர்.

“டப்பாவே செத்துப்போச்சு அபி. புதுசுதான் போடணும்” என்றார் உஸ்தா.

“போடுறவரைக்கும் கேஸை அடைச்சு சீல் வைக்கச் சொல்லி கேஸ் கம்பெனிக்கு எழுதிக் குடுக்கப் போறேன்” என்றாள் மக்புலே. “என் தலையில ஐஸ் விழுந்தப்புறம் எழுத எனக்குக் கை இருக்காது.”

சீல் வைத்தால் டீ போடக்கூட நெருப்பிருக்காது. சீல் வேண்டாமென்றால், நன்றாக இருக்கும் டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரு மாத ஓய்வூதியத்தைக் கொட்ட வேண்டும். அதற்குப் பிறகும் முள் ஏறும். மறுபடி மூட்ட வேண்டும், மறுபடி சட்டையைக் கழற்ற வேண்டும், மறுபடி இதே மூன்று முகங்கள். வஸ்ஃபி அப்படியே உருளைக்கிழங்கு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் வாயைத் திறக்க வைத்தது மனசாட்சி என்று பின்னால் சிலர் சொன்னார்கள். அதெல்லாம் இல்லை, அலுப்புதான்.

“ஆறிக் கிடக்குறப்பதான் ஏறுது, உஸ்தா.”

“அது எங்க ஆறுது? நீங்கதான் அணைக்கிறதே இல்லையே?”

“எப்பவுமே ஆறித்தான் கிடக்குது. நீங்க வர்றீங்கன்னு மூட்டினேன். போன தடவையும் அப்படித்தான்.”

எழுந்து போய், சோபாவுக்குப் பின்னாலிருந்து கம்பளிச் சட்டையை எடுத்து எல்லோர் முன்னாலும் மாட்டிக்கொண்டார்.

முதலில் கொதித்தது உஸ்தா. “இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? ஆறின தண்ணி எங்கயாவது உப்புமா? சும்மா கிடக்குறப்ப ஏறுதுன்னா வெளித்தண்ணி உள்ள வருதுன்னு அர்த்தம்!” வீட்டுக்கு வரும் தண்ணீரை மொத்தமாக அடைத்தார். முள் ஆணி அடித்த மாதிரி நின்றது. திறந்தார். மெல்ல நகர்ந்தது. பாய்லருக்கு அடியில், தண்ணீர் நிரப்புவதற்கென்று ஒரு சின்னக் குழாய். அதன் வாஷர் தேய்ந்துபோய், மூடிய பிறகும் கசிந்துகொண்டிருந்தது. விரல்நகம் அளவு ரப்பர். மாற்றினார்.

“அப்ப அன்னைக்கு அடிச்ச காத்து?” என்று நெவ்ஸாத் கேட்டான்.

“அது இவரோட பொய்க்கு அடிச்சது. இருந்துட்டுப் போகட்டும்.”

அப்போதுதான் நெவ்ஸாத்துக்கு உறைத்தது. “இருங்க அபி. எங்க வீட்டுத் தரை ஐஸா இருக்கிறது உங்களாலயா? கால் சில்லுன்னு இருக்கு, ரத்தசோகைன்னு சொல்லி ரெண்டு வருஷமா என் பொண்டாட்டிக்கு ஈரல் ஆக்கிப் போடுறேனே! அவளுக்கு அது பிடிக்கவே பிடிக்காது, அபி!”

மக்புலே தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். “கூட்டத்துல தட்டினேனே, இந்தக் கையாலதான்.”

மறுநாளிலிருந்து வஸ்ஃபியின் பாய்லர் எரிகிறது. நெவ்ஸாத்தின் மனைவி இரண்டாவது காலுறையைக் கழற்றிவிட்டாள், ஈரலும் நின்றது. மேல்வீட்டுக் கணக்கு அதோடு நேர். கீழ்வீட்டுக் கணக்குதான் இழுக்கிறது.

“ரெண்டு குளிர்காலத்துச் சூடு, வஸ்ஃபி அபி” என்று மக்புலே படிக்கட்டில் மறித்துக் கேட்கிறாள். “காசெல்லாம் வேண்டாம். சூடாத்தான் வாங்கினீங்க, சூடாவே குடுங்க.”

“சூடு மேலதானே ஏறும், மக்புலே ஹனும்? கீழ எப்படி இறக்குறது?”

“அது உங்க பாடு. பேச்சை மட்டும் நல்லா இறக்கத் தெரிஞ்சுதே?”

வேறு வழி தெரியாமல், ஒரு தட்டு ரவை அல்வா கிண்டி, சுடச்சுடக் கீழே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அண்டை வீட்டுத் தட்டை வெறுமனே திருப்பியனுப்பும் பழக்கம் அந்தக் கட்டடத்தில் யாருக்கும் இல்லை. சாயங்காலமே அது முட்டைக்கோஸ் இலையில் அரிசி வைத்துச் சுருட்டிய தோல்மாவோடு, மேலே ஒரு கரண்டி தயிரோடு திரும்பி வந்தது. ஆக, இரண்டு குளிர்காலத்துச் சூட்டோடு இப்போது ஒரு தட்டுத் தோல்மாவும் சேர்ந்து பாக்கி.